கொடையும் உழைப்பும்: பெசாரோ நகரின் இசை அரங்க மரபு

கலைக்காகத் தம் செல்வத்தை எழுதிவைத்துவிட்டு ஒருவர் கண்மூடிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்தச் செல்வம் என்ன ஆகிறது? இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அறக்கட்டளையின் பெயரால் நிகழும் சொற்பொழிவில் இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தோன்றவில்லை. விடை தேடி உங்களை இத்தாலியின் கிழக்குக் கரைக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். ஆட்ரியாட்டிக் கடலோரம் பெசாரோ என்றொரு ஊர். ஏறத்தாழத் தொண்ணூற்றைந்தாயிரம் பேர் வாழும் நடுத்தர நகரம். ரோமும் வெனிஸும் நேப்பிள்ஸும் இருக்கும் நாட்டில் இப்படியோர் ஊரை இசையுலகம் தனியாக நினைவில் வைத்திருக்கக் காரணம் ஒரு மனிதரும், ஓர் அரங்கமும், ஓர் உயிலும்.

அந்த மனிதர் ஜோவாக்கினோ ரோசினி. ஓப்பரா என்னும் இசை நாடகத்தின் பெரும் படைப்பாளிகளில் ஒருவர். அவர் பிறந்த ஊருக்குத் தம் சொத்தைக் கொடுத்தார். கொடுத்ததால் மட்டும் அவருடைய இசை பிழைத்துவிடவில்லை. கொடை வந்து சேர்ந்த பிறகும் நூறாண்டுக் காலம் அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி மேடை ஏறாமல்தான் கிடந்தது. அதை மீட்டது ஊரின் உழைப்பு. கொடுத்தவரின் பங்கு பாதி. பெற்றுக்கொண்டவர்களின் பங்கு மீதிப் பாதி. இந்த உரை முழுவதும் நான் சொல்ல வருவது இதுதான்.

ஊரும் பழைய அரங்கமும்

ஃபோலியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பெசாரோ. ரோமானியர் காலத்திலேயே குடியேற்றம் கண்ட ஊர். பதினாறாம் நூற்றாண்டில் உர்பினோ சிற்றரசை ஆண்ட டெல்லா ரோவெரே குடும்பத்தார் தம் அரசவையை மலைமேல் இருந்த உர்பினோவிலிருந்து இந்தக் கடற்கரைக்கு மாற்றிக்கொண்டார்கள். வண்ணம் தீட்டிய மண்பாண்டங்களுக்கு அப்போதே பெயர்பெற்ற ஊர் இது. அரண்மனை வந்ததும் கவிஞர்களும் இசைக்கலைஞர்களும் வந்தார்கள்.

1631இல் அந்த அரச குடும்பத்தின் கடைசி ஆட்சியாளர் மறைந்தார். நாடு போப்பின் ஆட்சிக்குப் போனது. அரசவையே இல்லாத ஊரில் அரங்கக் கலை அழிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் 1637இல், அரசர்களின் குதிரை லாயமாக இருந்த இடத்தில், பெசாரோ மக்கள் ஓர் அரங்கம் எழுப்பினார்கள். சூரிய அரங்கம் என்று அதற்குப் பெயர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெசாரோவின் அரங்கம் அரசனின் கொடையாக வந்ததல்ல. அரசன் போன பிறகு ஊர் தனக்காகக் கட்டிக்கொண்டது. இந்தக் குணம் பின்னாலும் பல முறை வெளிப்படுவதைப் பார்ப்போம்.

எக்காளம் ஊதியவரின் மகன்

1792ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் ரோசினி பிறந்தார். தந்தை ஜூசெப்பே, நகராட்சிக்காக எக்காளம் ஊதுபவர்; நாடக அரங்குகளில் கொம்பும் வாசிப்பார். தாய் அன்னா குயிதரீனி, ரொட்டி சுடும் குடும்பத்தில் பிறந்தவர். முறையான பயிற்சி இல்லாமலேயே இனிய குரலால் மேடைப் பாடகியானவர். பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகளை வெளிப்படையாக ஆதரித்ததற்காகத் தந்தை சிறைக்கும் போனார். ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைத்த பெற்றோர் கடைசியில் லூகோவுக்கும் அங்கிருந்து போலோஞாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். ரோசினியின் முறையான இசைப் படிப்பு போலோஞாவில்தான். பெசாரோ அவருக்குப் பிள்ளைப் பருவத்தின் ஊர் மட்டுமே.

பதினெட்டு வயதில், 1810இல், வெனிஸ் நகரில் அவருடைய முதல் ஓப்பரா மேடையேறியது. அதிலிருந்து 1829இல் பாரிஸில் ‘வில்லியம் டெல்’ அரங்கேறியது வரை பத்தொன்பது ஆண்டுகளில் முப்பத்தொன்பது ஓப்பராக்கள். உலகம் முழுவதும் அறிந்த ‘செவில் நகரத்து நாவிதர்’ 1816இல் ரோமில் அரங்கேறியபோது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான். அந்த முதல் இரவு கூச்சலிலும் விசிலிலும் முடிந்தது. அடுத்த காட்சியிலிருந்தே நாடகம் வென்றது. முப்பத்தேழு வயதில் ஓப்பரா எழுதுவதை நிறுத்திவிட்டார். அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் வாழ்ந்தார். அந்த நாளில் ஐரோப்பாவில் எந்த இசை நகரத்திலும் அவர் பெயரைக் கேளாமல் இருக்க முடியாது. பிறந்த ஊரோடு அவருக்கு இருந்த தொடர்புதான் விந்தையானது.

1818: புதிய அரங்கின் திறப்பு

பழைய சூரிய அரங்கம் சிதைந்துவிட்டது. 1816இல் அதை இடித்துவிட்டுப் புதிது கட்ட முனைந்தார்கள். கட்டடக் கலைஞர் பியெத்ரோ கினெல்லி. புதிய அரங்கம் குதிரை லாட வடிவத்தில் அமைந்தது. தரைமட்ட இருக்கைகளைச் சுற்றி அடுக்கடுக்காகப் பெட்டி இருக்கைகள். உச்சியில் எளியவர்கள் வந்து உட்காரும் காலரி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 860 பேர் அமரலாம். அரங்கின் திரையில் ஆஞ்செலோ மொந்திசெல்லி ஓவியம் தீட்டினார். கவிதைக்கு ஊற்றாகக் கிரேக்கர்கள் போற்றிய ஹிப்போகிரீன் சுனைதான் அதன் பொருள்.

860 என்ற எண்ணைச் சற்று நினைத்துப் பாருங்கள். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே தொலைவு இல்லை. மரத்தாலான உள்ளமைப்பு. ஒலிபெருக்கி என்ற பேச்சே இல்லாத காலம். இப்படிப்பட்ட அரங்கில் கத்திப் பாடத் தேவையில்லை. நுணுக்கமாகப் பாடினாலும் மேல் காலரி வரை கேட்கும். ரோசினியின் நாடகங்களில் சில இத்தகைய சிறிய அரங்குகளுக்காகவே எழுதப்பட்டவை. பாடகரின் குரலிடம் அவர் எதிர்பார்த்த வேகமும் மென்மையும் இந்தக் கட்டட அமைப்புக்கு ஏற்றவை. அரங்கம் பெரிதாகும்போது பாடும் முறையும் மாறிவிடுகிறது. அந்த மாற்றம்தான் பின்னாளில் இந்த மரபைக் கவிழ்த்தது.

1818 ஜூன் 10 அன்று புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மிலான் நகரில் அரங்கேறியிருந்த ‘லா காட்சா லாத்ரா’வை நடத்திக்காட்ட ரோசினியே வந்தார். வெள்ளிப் பொருளைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை வரை போய்விடும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை அது. உண்மையில் திருடியது ஒரு பறவை. பக்கவாட்டு மேளத்தின் உருட்டோடு அதன் தொடக்க இசை ஆரம்பிக்கும். ரோசினிக்கே உரிய படிப்படியான எழுச்சியும் அதில் உண்டு: சிறு தூறலாக விழத் தொடங்கிய ஓர் இசைத்தொடர் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு வருகையிலும் ஒரு வாத்தியம் கூடி, கடைசியில் கொட்டும் மழையாகிவிடும்.

திறப்பு விழாவுக்குப் பின் ரோசினி கடும் நோயில் விழுந்தார். அறிஞர் ஜூலியோ பெர்த்திகாரியின் வீட்டில் படுத்திருந்தார். அவர் இறந்துவிட்டதாகவே வெளியூர்களில் செய்தி பரவியது. பெசாரோ அவரைப் பேணி எழுப்பி அனுப்பியது.

1819: ஊர் செய்த அவமதிப்பு

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. அப்போது இங்கிலாந்து இளவரசரின் மனைவி கரோலின், கணவரைப் பிரிந்து பெசாரோவில் மாளிகை அமைத்து வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய அவையை நடத்தியவர் பெர்காமி என்ற இத்தாலியர். அந்த அவையின் அழைப்புகளை ரோசினி முன்னர் ஏற்கவில்லை. 1819இல் அவர் மீண்டும் பெசாரோவுக்கு வந்து அரங்கில் அமர்ந்தபோது, பெர்காமியின் ஆட்கள் கூட்டமாக விசிலடித்து அவமதித்தார்கள். நண்பர்கள் அவரைப் பாதுகாப்பாக வெளியே அழைத்துப் போக வேண்டியிருந்தது.

ஓராண்டுக்கு முன் அவர் கையாலேயே திறக்கப்பட்ட அரங்கம் அது. அதன்பின் ரோசினி பெசாரோவில் தங்கவே இல்லை. போலோஞாவிலும் ஃபிளாரன்சிலும் பாரிஸிலும் வாழ்ந்தார். ஊர் வருந்தியது. 1855இல் புதிய அரங்கத்துக்கு ‘ரோசினி அரங்கம்’ என்று பெயர் சூட்டியது. 1864இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. சிலையைப் பார்க்கவும் அவர் வரவில்லை. ஆனால் அதற்குள் அவர் தம் மனத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தார்.

உயில்

1858இல் பாரிஸில் ரோசினி உயில் எழுதினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ஒலிம்ப் பெலிசியே வாழும் காலம் வரை சொத்தை அனுபவிக்க வேண்டும்; அவருக்குப் பின் அது பெசாரோ நகராட்சியைச் சேர வேண்டும்; அதைக் கொண்டு அந்த ஊரில் ஓர் இசைப் பள்ளி நிறுவி நடத்த வேண்டும். இதுதான் அதன் சாரம். மனைவி அனுபவித்துவரும் காலத்தில் நகராட்சி எந்த வகையிலும் குறுக்கிடக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. மனைவியின் உரிமையையும் ஊரின் நன்மையையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் எழுதப்பட்ட தெளிவான உயில் அது. பாரிஸில் முதுமையடைந்த பாடகர்களுக்கு ஒரு முதியோர் இல்லம் அமையவும் அவருடைய சொத்து வழிசெய்தது.

1868 நவம்பர் 13 அன்று ரோசினி மறைந்தார். ஒலிம்ப் அம்மையார் 1878இல் மறைந்தார். 1882இல் பெசாரோவில் ரோசினி இசைப் பள்ளி தொடங்கியது. பெருமாளிகை ஒன்றைப் பள்ளியின் இருப்பிடமாக்கினார்கள். முதல் இயக்குநர் கார்லோ பெத்ரோத்தி. அங்குள்ள இசைக்கூடம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. 1895 முதல் 1902 வரை இயக்குநராக இருந்தவர் புகழ்பெற்ற பியெத்ரோ மஸ்காஞி. அவருடைய ‘சனெத்தோ’ என்ற ஓப்பரா 1896இல் இந்தப் பள்ளிக் கூடத்திலேயே அரங்கேறியது. இங்கு மாணவராக இருந்த ரிக்கார்தோ சந்தொனாய் பின்னர் இதன் இயக்குநராகவே வந்தார். 1940இல் பள்ளி அரசின் இசைக் கல்லூரியானது. அப்போது ரோசினியின் சொத்தையும் அவர் பெயரையும் பேணத் தனியாக ரோசினி அறக்கட்டளை உருவானது.

இங்கே நம்மைச் சிந்திக்கவைக்கும் ஓர் உண்மை உண்டு. இந்தப் பள்ளியில் பயின்று உலகப் புகழ் பெற்ற இரு குரல்கள் ரெனாத்தா தெபால்தியும் மாரியோ தெல் மொனாக்கோவும். தெபால்தி பெசாரோவிலேயே பிறந்தவர். இருவரும் இருபதாம் நூற்றாண்டின் ஒப்பற்ற பாடகர்கள். ஆனால் அவர்கள் புகழ்பெற்றது ரோசினிக்குப் பின்வந்த வெர்தி, புச்சீனி ஆகியோரின் இசையைப் பாடி. ரோசினியின் பணத்தில் எழுந்த பள்ளி, ரோசினியின் பாட்டு முறை மறைந்துகொண்டிருந்த காலத்தில், காலம் கேட்ட வேறொரு பாட்டு முறைக்கே மாபெரும் பாடகர்களைத் தந்தது. பள்ளியின் குற்றமல்ல இது. எந்தப் பள்ளியும் தன் காலத்தின் மேடை எதைக் கேட்கிறதோ அதைத்தான் கற்றுக்கொடுக்கும். கொடை இருந்தது, கட்டடம் இருந்தது, நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள்; மரபு மட்டும் இல்லை. ஏன்?

மறைந்துபோன பாட்டு முறை

ரோசினியின் பாட்டு முறையை இத்தாலியர் ‘பெல் கான்தோ’ என்பார்கள். மூச்சை அளந்து, குரலைச் சீராக நீட்டி, அதன்மேல் மின்னல் வேகத்தில் சுரக்கோவைகளை அடுக்குவது அதன் உயிர். ஒரு பகுதியை இரண்டாம் முறை பாடும்போது பாடகர் தம் கற்பனையால் அதை அலங்கரித்தாக வேண்டும். எழுதியதை எழுதியபடியே இரு முறை பாடுபவர் அந்த நாளில் முழுப் பாடகராக மதிக்கப்பட மாட்டார். நிரவலும் சங்கதியும் கேட்டு வளர்ந்த நம் அவைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரோசினி நேப்பிள்ஸில் இருந்த 1815 முதல் 1822 வரையிலான ஆண்டுகளில் எழுதிய சோக நாடகங்கள் இந்த முறையின் சிகரங்கள். அங்கே இசபெல்லா கோல்பிரான், அந்திரேயா நொத்சாரி, ஜோவான்னி தாவித் போன்ற அசாதாரணப் பாடகர்கள் அவர் கைவசம் இருந்தார்கள். வீர ஆண் பாத்திரங்களைத் தாழ்ந்த குரலுடைய பெண்கள் பாடும் வழக்கமும் அந்த இசையின் தனி அழகு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரசனை திரும்பியது. இசைக்குழுக்கள் பெருத்தன; அரங்குகள் அகன்றன; குரலில் வலிமை வேண்டியதாயிற்று. 1837இல் பாரிஸில் கில்பெர் துய்ப்ரே என்ற பாடகர், ‘வில்லியம் டெல்’ நாடகத்தின் உச்ச சுரங்களை அதுவரை வழக்கமாயிருந்த மெல்லிய தலைக்குரலில் பாடாமல் நெஞ்சிலிருந்து முழுக்குரலில் எழுப்பிக் காட்டினார். அவை ஆர்ப்பரித்தது. ரோசினிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வரப்போகும் காலத்தின் குரல் அதுவாகத்தான் இருந்தது. நுணுக்கச் சுரக்கோவைகளைப் பாட ஆளில்லாமல் போனபோது அவற்றுக்காக எழுதிய நாடகங்களும் ஒவ்வொன்றாக மேடையிலிருந்து இறங்கின. கடைசியில் ரோசினி என்றால் ‘செவில் நகரத்து நாவிதர்’ என்றும், சில தொடக்க இசைகள் என்றும் சுருங்கிவிட்டது.

எஞ்சிய அந்த நாவிதரும் நலமாக இல்லை. தாழ்ந்த பெண்குரலுக்காக எழுதப்பட்ட ரொசீனா பாத்திரத்தை உயர்குரல் பாடகிகள் எடுத்துக்கொண்டு சுருதியை மாற்றினார்கள். முதிய மருத்துவர் பாடும் கடினமான பாட்டை எடுத்துவிட்டுப் பியெத்ரோ ரொமானி என்பவர் இயற்றிய எளிய பாட்டைச் செருகினார்கள். இசைப்பாடம் நடக்கும் காட்சியில் பாடகி தமக்குப் பிடித்த எதையோ பாடிவிட்டுப் போனார். ரோசினி கேட்காத வாத்தியங்கள் இசைக்குழுவில் சேர்ந்தன. அச்சிட்ட சுரப் பிரதிகள் இந்தப் பழக்கங்களையே மரபென்று நிலைநாட்டின. பாடல் வாழ்ந்தது; அதன் பாடம் சிதைந்தது.

ஏட்டுக்குத் திரும்புதல்

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் களைந்து சங்க நூல்களை மீட்ட உ.வே. சாமிநாதையரின் வழித்தோன்றல்கள் நாம். பெசாரோவில் அடுத்து நடந்தது எவ்வளவு பெரிய வேலை என்பது நமக்கு எளிதில் புரியும்.

அல்பெர்த்தோ செத்தா என்ற இளம் நடத்துநர், தாம் நடத்தவேண்டிய ‘நாவிதர்’ நாடகத்தின் அச்சுப் பிரதியில் வாத்தியக்காரர்கள் வாசிக்கவே தடுமாறும் இடங்கள் இருப்பதைக் கண்டார். போலோஞா நூலகத்தில் இருந்த ரோசினியின் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டார். வேறுபாடுகள் கணக்கில்லாமல் இருந்தன. அந்தத் தேடலின் விளைவாக 1969இல் அவருடைய ஆய்வுப் பதிப்பு வெளிவந்தது. அதே ஆண்டு மிலானின் லா ஸ்காலா அரங்கில் கிளாவ்தியோ அப்பாதோ அதைக் கொண்டு நாடகத்தை நடத்தினார். தூசு தட்டப்பட்ட அந்த இசை எவ்வளவு மெலிந்ததாகவும் ஒளியுடையதாகவும் இருக்கிறது என்று கேட்டவர்கள் வியந்தார்கள்.

பெசாரோவின் ரோசினி அறக்கட்டளை இந்த வேலையைத் தன் பணியாக எடுத்துக்கொண்டது. அதை வழிநடத்திய அறிஞர் புரூனோ காலி. செத்தாவும், அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் காசெட்டும் அவரோடு சேர்ந்தார்கள். ரோசினியின் எல்லாப் படைப்புகளுக்கும் ஆய்வுப் பதிப்பு கொண்டுவருவது திட்டம். ஒவ்வொரு நாடகத்துக்கும் ஐரோப்பிய நூலகங்களில் சிதறிக்கிடந்த கையெழுத்துப் பிரதிகளைத் தேடி, படியெடுத்தவர்களின் பிரதிகளோடு ஒப்பிட்டு, ரோசினியே வெவ்வேறு ஊர்களுக்காகச் செய்த மாற்றங்களைப் பிரித்துக்காட்டி, ஐயமான இடங்களில் ஏன் இந்தப் பாடத்தைக் கொண்டோம் என்று குறிப்பெழுதிப் பதிப்பிக்க வேண்டும். முதல் தொகுதி 1979இல் வந்தது. எந்த நாடகம் தெரியுமா? 1818இல் பெசாரோ அரங்கைத் திறந்துவைத்த அதே ‘லா காட்சா லாத்ரா’.

உயிலின் பணம் நூறாண்டுக்குப் பின் தன் சரியான வேலையைக் கண்டுபிடித்தது என்றே இதைச் சொல்வேன். பள்ளிக்காகத் தரப்பட்ட சொத்து பள்ளியோடு நிற்காமல் பதிப்பாகவும் மாறியது. கொடுத்தவரின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் அவருடைய நோக்கத்தைப் புரிந்துகொண்ட வாரிசுகள் செய்த செயல் அது.

மேடைக்குத் திரும்புதல்

பதிப்பு வந்தால் போதுமா? நூலக அலமாரியில் அது இன்னொரு நூறாண்டு உறங்கலாம். இங்குதான் ஊர் மறுபடியும் முன்வருகிறது.

ரோசினி அரங்கம் 1930இல் நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பழுதுபார்க்கப்பட்டு, 1934இல் மீண்டும் திறந்தது. 1966இல் பாதுகாப்புக் குறைவால் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அரங்கைச் சீர்படுத்தி 1980இல் நகராட்சி திறந்தது. அதே ஆண்டு, ஜான்பிராங்கோ மரியோத்தியின் முன்னெடுப்பில், ரோசினி ஓப்பரா விழா பிறந்தது. முதல் விழாவின் நாடகங்களில் ஒன்று, நீங்கள் எதிர்பார்ப்பதுபோலவே, ‘லா காட்சா லாத்ரா’. முந்தைய ஆண்டு அச்சான பதிப்பு அந்த மேடையில் உயிர்பெற்றது. அன்றுமுதல் ஆண்டுதோறும் கோடையில், பெரும்பாலும் ஆகஸ்டில், உலகம் பெசாரோவுக்கு வருகிறது.

இந்த விழாவின் செயல்முறைதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. அறக்கட்டளை ஒரு நாடகத்தின் பாடத்தை ஆய்ந்து தயாரிக்கிறது. விழா அதை மேடையேற்றுகிறது. ஒத்திகையில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நடத்துநரும் அந்தப் பாடத்தைச் சோதிக்கிறார்கள். ஓரிடம் பாட வரவில்லை, ஓரிடத்தில் சுரம் இடிக்கிறது என்றால் பதிப்பாசிரியர் பக்கத்திலேயே இருக்கிறார். திருத்தம் அச்சுக்குப் போகிறது. ஏடும் குரலும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாடு உலகிலேயே அரிது. புலவர்கள் ஒரு பக்கமும் வித்துவான்கள் ஒரு பக்கமும் பேசாமல் இருக்கும் ஊரில் மரபு வளராது.

இதன் விளைவுகளில் ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். 1825இல் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸ் முடிசூடியதைக் கொண்டாட ரோசினி ‘ரைம்ஸ் பயணம்’ என்ற நாடகத்தை எழுதினார். சில காட்சிகளோடு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் இசையில் பெரும்பகுதியை ‘ஓரி பிரபு’ என்ற வேறொரு நாடகத்தில் பயன்படுத்தினார். மூலம் தொலைந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ரோமிலும் பாரிஸிலும் வியன்னாவிலும் கிடைத்த பகுதிகளைக் கொண்டு ஜேனட் ஜான்சன் என்ற ஆய்வாளர், காசெட்டின் துணையோடு, அதை மீட்டமைத்தார். 1984 ஆகஸ்டில் பெசாரோ இசைக் கல்லூரியின் பெத்ரோத்தி கூடத்தில் அப்பாதோ அதை நடத்தினார்; மேடையாக்கம் லூக்கா ரொன்கோனி. கதையில் வரும் மன்னரின் ஊர்வலம் ஊர்த் தெருக்களிலேயே நடந்தது. அதை உள்ளே திரைகளில் காட்டினார்கள். முதல் தர முதன்மைக் குரல்கள் ஒரு டஜனுக்கும் மேல் கேட்கும் நாடகம் அது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மூல வடிவில் ஒருவரும் கேளாத இசை அன்று கேட்டது.

இன்னொன்று ‘எர்மியோனே’. 1819இல் நேப்பிள்ஸில் தோற்றுப்போன சோக நாடகம். ரோசினி வாழ்நாளில் அது மறுபடி மேடையேறவில்லை. 1987இல் பெசாரோ அதை மேடையேற்றியது. மான்செராத் கபாயே, மெரிலின் ஹார்ன் போன்ற மாபெரும் பாடகிகள் பாடினார்கள். தன் காலத்தை மீறிய படைப்பு என்று இன்று அதைப் போற்றுகிறார்கள்.

நாடகங்கள் திரும்பி வந்தன. அவற்றைப் பாடும் குரல்கள்? 1989இல் செத்தா ரோசினி பயிலரங்கைத் தொடங்கினார். உலகெங்குமிருந்து இளம் பாடகர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார்கள். சுரக்கோவைகளை எப்படிப் பாடுவது, இரண்டாம் முறை எப்படி அலங்கரிப்பது, இத்தாலியச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்பதெல்லாம் பயில்கிறார்கள். 2001 முதல் ஒவ்வோர் ஆண்டும் ‘ரைம்ஸ் பயணம்’ இந்த மாணவர்களாலேயே நடத்தப்படுகிறது. ஒரு காலத்தில் உலகின் முன்னணிப் பாடகர்களைத் திரட்டினால்தான் முடியும் என்றிருந்த நாடகம் இன்று மாணவர்களின் ஆண்டுப் பயிற்சி. மரபு திரும்பிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1996இல் நோயுற்ற பாடகர் ஒருவருக்குப் பதிலாக, ‘மத்தில்தே தி ஷாப்ரான்’ என்ற கடினமான நாடகத்தில், பெரு நாட்டைச் சேர்ந்த இருபத்து மூன்று வயது இளைஞர் மேடையேறினார். அவர் பெயர் ஹுவான் தியேகோ புளோரெஸ். அன்றிரவே உலகம் அவரை அறிந்தது. பின்னாளில் அவரே இந்த விழாவின் கலை இயக்குநரானார். துய்ப்ரேயின் காலத்தில் வழக்கொழிந்த நுணுக்கக் குரல் தென்னமெரிக்க இளைஞர் ஒருவரின் தொண்டையில் மீண்டும் பிறந்தது. மரபுக்கு ரத்த உறவு தேவையில்லை; பயிற்சியும் மேடையும் தேவை.

அரசும் கைகொடுத்தது. 1993இல் இத்தாலிய நாடாளுமன்றம் இந்த விழாவை ஆதரிக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2017இல் யுனெஸ்கோ பெசாரோவை இசைக்கான படைப்பு நகரமாக ஏற்றது. 2024இல் அது இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெசாரோ சொல்லும் பாடத்தைத் தொகுத்துப் பார்க்கிறேன். ஒரு மரபு நிலைக்க நான்கு வேண்டும்: நம்பத்தக்க பாடம், பயின்ற குரல், பொருத்தமான அரங்கு, இவை மூன்றையும் இடைவிடாமல் தாங்கும் பணம். பணம் 1878இலேயே ஊருக்கு வந்துவிட்டது. அரங்கு அதற்கு முன்பே இருந்தது. பாடமும் குரலும் கூடிவர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் பயன் தராது.

நம்மிடமும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழில் எழுந்த மாபெரும் இசை நாடகம். அதன் சொல் நமக்கு முழுதாகக் கிடைத்தது. அதன் பழைய மெட்டுகளில் பல நம் கைநழுவிப் போயின. பின்வந்த வித்துவான்கள் புதிய மெட்டமைத்துப் பாடியதால்தான் சில பாடல்கள் கச்சேரி மேடையில் வாழ்கின்றன. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நாடகம் நாடகமாக, தொடக்கம் முதல் முடிவு வரை, பயின்ற குரல்களால், அதற்கேற்ற சிறிய அரங்கில், ஆய்ந்த பாடத்தோடு, ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அறக்கட்டளைகள் நம்மிடம் ஏராளம். பேசுவதற்கும் பரிசளிப்பதற்கும் அவை இருக்கின்றன. பதிப்பதற்கும் பயிற்றுவதற்கும் மேடையேற்றுவதற்கும் அவை கைகோக்கவேண்டிய நேரம் இது.

இந்த அறக்கட்டளையை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு நின்றுவிடாதீர்கள். ஓர் இசை நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஏடுகளையும் அச்சுப் பிரதிகளையும், முதியவர்கள் நினைவில் இருக்கும் மெட்டுகளையும் திரட்டும் பணியை ஓர் இளம் ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள். அவரருகிலேயே சில இளம் பாடகர்களை அமர்த்துங்கள். ஆய்வாளர் கண்டதைப் பாடகர் பாடிப் பார்க்கட்டும். பாடகர் தடுமாறும் இடத்தை ஆய்வாளர் மீண்டும் பார்க்கட்டும். சில ஆண்டுகள் ஆகலாம். ஆகட்டும்.

மாணவ நண்பர்களிடம் ஒன்று. கொடுப்பதற்குச் செல்வம் வேண்டும். அது எல்லோரிடமும் இருக்காது. பெற்றுக்கொண்டதை உழைத்துத் தழைக்கவைக்க அக்கறையும் பொறுமையும் போதும். அவை உங்கள் எல்லோரிடமும் உண்டு. பெசாரோவில் ரோசினியை மீட்டவர்கள் சுரப் பிரதிகளைப் பொறுமையோடு ஒப்பிட்டவர்கள், ஒத்திகையில் கேள்வி கேட்டவர்கள், மூடிக்கிடந்த அரங்கைத் திறக்கவேண்டும் என்று நகராட்சியில் வாதாடியவர்கள். அந்த வேலைகளில் ஒன்றை இந்த ஆண்டே தொடங்குங்கள்.